கையால் கற்ற அறிவியல் – நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்யலாம்?

(தேசிய அறிவியல் நாளை ஒட்டி நம் சங்கத்தில் நடைபெற்ற காலாண்டுக் கூட்டத்தில், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



அறிவியல் நாள் கூட்டத்தில் பேச ஒரு வணிகவியல் பட்டதாரியைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்தது பற்றும் வரவும்தான். அறிவியல் ஆசிரியர்கள் இருக்கும் சபையில் பாடம் நடத்தும் எண்ணம் எனக்கு இல்லை. பள்ளிப் பிள்ளைகள் கையால் செய்து அறிவியலும் பொறியியலும் கற்றுக்கொள்ள நாட்டில் என்னென்ன முயற்சிகள் நடந்தன, அவற்றிலிருந்து மணலூர்பேட்டைக்கு நாம் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்குப் போட்டு வந்திருக்கிறேன். கணக்கில் பிழை இருந்தால் ஆசிரியர்கள் சொல்லுங்கள்.

பூட்டிய அலமாரி

நான் படித்த பள்ளியில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே குடுவைகள், லென்சுகள், ஒரு காந்தம், ஒரு தராசு. ஆண்டு முழுவதும் பூட்டியே இருக்கும். உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம்தான் காரணம். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் தூசி தட்டுவார்கள். என் வயதுக்காரர்கள் பலருக்கு அறிவியல் என்றால் அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒன்றுதான்.

இன்று நிலைமை அப்படியே இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு இருக்கிறது. ஆனால் 25 மதிப்பெண்ணுக்காகச் செய்வதும், என்ன ஆகும் பார்ப்போமே என்று செய்வதும் ஒன்றல்ல. முதலாவதில் விடை முன்பே தெரியும். இரண்டாவதில் தெரியாது.

மைக்கேல் பாரடேயின் கதை ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். லண்டனில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய ஏழை வீட்டுப் பையன். 1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ஹம்ப்ரி டேவி என்ற அறிஞரின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தார். பையன் போய்க் கேட்டு, குறிப்பு எழுதி, அதைத் தானே கட்டிப் புத்தகமாக்கி டேவிக்கு அனுப்பினான். பின்னர் அங்கேயே உதவியாளராகச் சேர்ந்தான். நம் வீட்டு மின்விசிறி மோட்டாருக்கும், மின் நிலைய ஜெனரேட்டருக்கும் அடிப்படை அவர் கண்டது. சிறுவர்களுக்காக அந்த நிறுவனம் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் பிற்காலத்தில் அவரே பலமுறை மேசையில் சோதனை செய்து காட்டிப் பேசினார். சீட்டு கொடுத்த அந்த வாடிக்கையாளர் விஞ்ஞானி இல்லை. ஒரு கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். அந்த வேலையை நம்மாலும் செய்ய முடியும்.

நம் நாட்டில் நடந்தது

1972-இல் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. மனப்பாடம் வேண்டாம், பிள்ளைகள் சோதனை செய்து, பார்த்ததை எழுதி, தாங்களே முடிவுக்கு வரட்டும் என்பதே அதன் கொள்கை. கிராமத்தில் கிடைக்கும் பொருள்களையே பயன்படுத்தினார்கள். முப்பது ஆண்டுகள் நடந்து, பல மாவட்டங்களுக்குப் பரவி, 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது. ஆனால் அங்கே முளைத்த விதை நிற்கவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா 1978-இல் அங்கே போனார். சைக்கிள் வால்வு டியூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி, முக்கோணமும் சதுரமும் செய்து காட்டினார். சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது. முக்கோணம் சாய்வதில்லை. பாலத்திலும் செல்போன் கோபுரத்திலும் எங்கு பார்த்தாலும் முக்கோணமாக இருப்பது ஏன் என்பது ஐந்து ரூபாய்ச் செலவில் விளங்கிவிடுகிறது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-இல் தொடங்கியது. 1987 முதல் ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் இதழ் தமிழில் வருகிறது. 1993-இலிருந்து தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடக்கிறது. பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, அளந்து, ஆய்ந்து கட்டுரை அளிக்க வேண்டும். ஊர்க் கிணற்று நீர், குப்பை, கொசு என்று எதுவாகவும் இருக்கலாம். சொந்த ஊரைப் பாடமாக ஆக்கியதுதான் இதன் சிறப்பு.

நமக்குப் பக்கத்தில், கிருஷ்ணகிரியைத் தாண்டினால் குப்பம். அங்கே 1999-இல் தொடங்கப்பட்ட அகஸ்தியா அறக்கட்டளைக்கு 172 ஏக்கரில் வளாகம் இருக்கிறது. சோதனைப் பொருள்களை வேனில் ஏற்றிக்கொண்டு கிராமப் பள்ளிகளுக்கே போவது அவர்களின் வழி.

அரசுத் திட்டங்களுக்கு வருகிறேன். மத்திய அரசு 2016-இல் தொடங்கிய அடல் ஆய்வகத் திட்டத்தில் தேர்வாகும் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். முப்பரிமாண அச்சு இயந்திரம், மின்னணுப் பலகைகள், ரோபோ பாகங்கள் எல்லாம் வாங்கலாம். தமிழக அரசு 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. கருத்தாளர்கள் எளிய பொருள்களோடு பள்ளிக்கு வந்து வகுப்பறையிலேயே சோதனை செய்ய வைப்பார்கள்.

இங்கேதான் என் பழைய தொழில்புத்தி வேலை செய்கிறது. வானவில் மன்றத்துக்கு ஒதுக்கியதாக அறிவித்த தொகை 25 கோடி. பள்ளிகள் 13,000-க்கும் மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குச் சராசரி 19,000 ரூபாய்க்குப் பக்கம். ஒருபுறம் ஒரு பள்ளிக்கு 20 லட்சம், மறுபுறம் 19,000. எது மேல் என்று சண்டை போட நான் வரவில்லை. இரண்டும் வேண்டியதுதான். ஆனால் 20 லட்சம் ரூபாய்ப் பொருளும் சாவி வைத்திருப்பவர் மாறுதலாகிப் போனால் பூட்டியே கிடக்கும். உறவினர் பிள்ளை படிக்கும் ஒரு பள்ளியில், இயந்திரத்தின் மேல் போர்த்திய துணியைக்கூட எடுக்கவில்லை என்று அந்தப் பிள்ளையே சொன்னது. என் காலத்துக் கண்ணாடி அலமாரி விலை ஏறியிருக்கிறது, பூட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. எவ்வளவு செலவு என்பதோடு, எத்தனை நாள் திறந்திருந்தது, எத்தனை கைகள் தொட்டன என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

டேலி ஆகாத கணக்கு

எனக்கு மிக முக்கியமாகப் படுவதை இப்போது சொல்கிறேன். பிள்ளைகளின் செய்முறை நோட்டுகள் சிலவற்றைப் பார்த்தேன். எல்லா விடைகளும் அச்சு அசலாகச் சரியாக இருந்தன. ஊசல் சோதனையில் ஒருவருக்குக்கூட வித்தியாசம் வரவில்லை. கேட்டால் ஒரு பெண் சிரித்துக்கொண்டே, “விடை தெரியும் தாத்தா, அதுக்கு ஏத்த மாதிரி அளவை எழுதிடுவோம்” என்றாள்.

வங்கியில் இதற்கு வேறு பெயர். மாலையில் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் வவுச்சரைத் திருத்தி எழுத முடியாது. எங்கே வித்தியாசம் என்று தேட வேண்டும். அன்றைக்குக் கிடைக்கவில்லை என்றால் அந்தத் தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். பின்னால் காரணம் தெரியும்வரை அது அங்கேயே கண்ணை உறுத்திக்கொண்டு இருக்கும். இருக்கவும் வேண்டும்.

பிள்ளைகளின் அறிவியல் நோட்டிலும் ஒரு சஸ்பென்ஸ் பக்கம் வேண்டும் என்பது என் ஆசை. எதிர்பார்த்தது ஒன்று, வந்தது ஒன்று என்றால், வந்ததையே எழுதட்டும். ஏன் என்று தேடட்டும். அதற்கு மதிப்பெண் குறைக்காத ஓர் இடம் வேண்டும். பள்ளியில் தேர்வு நெருக்கடி இருக்கிறது, ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த இடத்தைச் சங்கம் கொடுக்கலாம்.

நம் ஊரே ஆய்வகம்

நமக்குத் தென்பெண்ணை இருக்கிறது. தை மாதம் ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வரும் ஆறு. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் அதே ஆறு எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி திறந்துவிட்டார்கள். அந்தச் செய்தி எல்லோர் செல்போனுக்கும் வந்தது. ஒரு கனஅடி என்றால் எவ்வளவு என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு கனஅடி ஏறக்குறைய 28.3 லிட்டர். 1,68,000 கனஅடி என்றால் விநாடிக்கு 47 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்று வைத்தால், கண் இமைப்பதற்குள் கிட்டத்தட்ட 400 லாரி. இந்தக் கணக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கைவந்தால், அடுத்த முறை செய்தி வரும்போது அந்த வீடு முன்கூட்டியே மேடான இடத்துக்குப் போகும். அறிவியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரில் நான் வேறு பதில் தேட மாட்டேன்.

இதைக் கையால் எப்படிக் கற்பது? ஆற்றில் அல்ல. பிள்ளைகள் யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது, அதில் விட்டுக்கொடுக்க முடியாது. முழங்கால் உயரம் தண்ணீர்கூட இல்லாத ஒரு வாய்க்கால் போதும், கரையில் பெரியவர்கள் நிற்க வேண்டும். கரையோரம் இருபது அடிக்கு இரண்டு குச்சி நடுங்கள். ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் தோலோடு மிதக்க விடுங்கள். பாதி மூழ்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. முதல் குச்சியிலிருந்து இரண்டாவதுக்குப் போக 10 விநாடி ஆனால், வேகம் விநாடிக்கு 2 அடி. வாய்க்கால் அகலம் 4 அடி, தண்ணீர் ஆழம் 1 அடி என்றால், பெருக்கினால் 8 கனஅடி. மேல்மட்டத் தண்ணீர் அடித்தண்ணீரை விட வேகமாக ஓடும், ஆகவே 0.85-ஆல் பெருக்கினால் 6.8 கனஅடி. ஐந்து முறை விட்டால் ஐந்து விடை வரும். ஏன் ஐந்தும் ஒன்றாக இல்லை என்ற கேள்வியில்தான் பாடம் தொடங்குகிறது.

அடுத்தது மழைமானி. பக்கம் நேராக உள்ள பாட்டிலும் ஓர் அளவுகோலும் போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது 93 சதுர மீட்டர். 50 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த மாடியில் மட்டும் 46,000 லிட்டருக்கு மேல், ஏறத்தாழ நான்கு லாரி. நம் தெருவில் பத்து வீட்டு மாடியில் பத்துப் பிள்ளைகள் தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதினால், மூன்று ஆண்டில் இந்த ஊருக்கென்று ஒரு மழைக் கணக்குப் புத்தகம் இருக்கும்.

மூன்றாவதற்குச் செலவே இல்லை. நம் ஊர் ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 21-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 21-ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்ட குச்சிக்கு நிழல் விழாது. நிழலில்லா நாள் என்பார்கள். கடிகாரத்தில் 12 மணி அடிக்கும்போது அல்ல, ஏப்ரலில் இங்கே 12 மணி 12 நிமிடம் வாக்கில். ஏப்ரல் முதல் வாரத்திலிருந்தே நிழலின் நுனியில் தினமும் ஒரு புள்ளி வைத்து வந்தால், வடக்கே விழுந்த நிழல் குறுகிக் குறுகி, மறைந்து, பிறகு தெற்கே திரும்புவது தெரியும். அந்த நாளில் கன்னியாகுமரியில் இருக்கும் சொந்தக்காரர் யாரையாவது, அங்கே நண்பகலில் 100 சென்டிமீட்டர் குச்சியின் நிழலை அளக்கச் சொல்லுங்கள். தெற்கே ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விழும். கோணம் கிட்டத்தட்ட 3.9 பாகை. இரண்டு ஊருக்கும் தெற்கு வடக்குத் தூரம் சுமார் 435 கிலோமீட்டர். 360-ஐ 3.9-ஆல் வகுத்து 435-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்று வருகிறது. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்ததும் இதே கணக்குதான். மணலூர்பேட்டைப் பிள்ளை ஒரு குச்சியும் ஒரு போனும் வைத்துப் பூமியை அளந்துவிடும்.

வரக்கூடிய கேள்விகள்

“இதனால் மார்க் கூடுமா?” என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. நகையை அடகு வைத்துப் படிக்க வைப்பவர்களை அடகுச்சீட்டு எழுதும் இடத்தில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் பார்த்தவன் நான். மார்க் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தானே அளந்து பெருக்கிய பிள்ளைக்குக் கனஅளவு சூத்திரம் மறக்காது என்று மட்டும் சொல்வேன்.

“ரோபோ வகுப்பு நடத்துகிறோம், பிள்ளைக்கு இவ்வளவு கட்டணம்” என்று ஒரு நிறுவனம் நம்மை அணுகியதும் உங்களுக்குத் தெரியும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் கட்ட முடிந்த பத்து வீட்டுக்கு மட்டும் அது போகும். அதைச் சங்கத்தின் பெயரில் செய்ய வேண்டுமா என்பதே என் கேள்வி.

இன்னொன்றையும் கவனித்தேன். கூட்டாகச் சோதனை செய்யும்போது பையன்கள் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொள்கிறார்கள். “உன் கையெழுத்து அழகா இருக்கு, நீ எழுது” என்று பெண் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். முறை வைத்து மாற்ற வேண்டும். ஒரு வாரம் எழுதியவர் அடுத்த வாரம் முடுக்க வேண்டும்.

நம் மாவட்டத்தின் மறுகோடியில் கல்வராயன் மலை இருக்கிறது. அங்கே உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பழங்குடிப் பிள்ளைகளையும் நாம் நினைக்க வேண்டும். இங்கே ஓராண்டு ஒழுங்காக நடத்திக் காட்டிய பிறகு, முறைப்படி அனுமதி பெற்று, பெட்டியோடு அங்கே போகலாம். அவர்களும் மழையை அளந்தால் மலைமேல் பெய்வதையும் சமவெளியில் பெய்வதையும் இரு பக்கப் பிள்ளைகளும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சங்கத்தின் முன் வைக்கும் கோரிக்கை

கடைசியாக, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

முதலாவது, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை, இந்தக் கூடம் பிள்ளைகளுக்காகத் திறந்திருக்க வேண்டும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவர் வெளியூர் போனாலும் வகுப்பு நிற்கக் கூடாது. கட்டணம் கிடையாது, சங்க உறுப்பினர் வீட்டுப் பிள்ளை, மற்றவர் வீட்டுப் பிள்ளை என்ற பேதமும் கிடையாது.

இரண்டாவது, மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்குங்கள். வால்வு டியூப், தீக்குச்சி, காந்தம், பேட்டரி, செம்புக் கம்பி, லென்ஸ், பாட்டில், அளவுகோல், நோட்டு, எல்லாம் அதற்குள் அடங்கும். வரவு செலவை நான் எழுதி மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். பொருள் உடைந்தால் உடைந்தது என்று எழுதுவோம். உடைத்த பிள்ளையின் பெயரை எழுத மாட்டோம்.

மூன்றாவது, ஆசிரியர் யார் என்று கேட்பீர்கள். அறிவியல் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை வந்து வழிகாட்டினால் போதும், மற்ற நாளுக்கு நம் ஊரிலேயே பொறியியல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுபவர் மின்காந்தம் காட்டலாம். சைக்கிள் கடைக்காரர் பற்சக்கரம் காட்டலாம். கொத்தனார் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் காட்டலாம். ‘எனக்குப் படிப்பில்லையே’ என்று அவர்கள் தயங்குவார்கள். பிள்ளைகள் அவர்களை ‘சார்’ என்று கூப்பிடுவதைக் கேட்டால் தயக்கம் போய்விடும்.

ஓராண்டு நடத்திப் பார்ப்போம். எத்தனை ஞாயிறு திறந்தோம், எத்தனை பிள்ளைகள் தொடர்ந்து வந்தார்கள், எத்தனை அளவுகள் எழுதப்பட்டன என்ற மூன்று எண்களை அடுத்த ஆண்டு இதே நாளில் உங்கள் முன் வைக்கிறேன். எண் சரியில்லை என்றால் நிறுத்திவிடலாம். சரியாக இருந்தால் தொடரலாம். முதல் வகுப்பை ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டால் நிழலில்லா நாளுக்குள் புள்ளி வைக்கப் பழகிவிடுவார்கள். பெயர் கொடுக்க விரும்பும் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ஐயாவிடம் கொடுக்கலாம். உதவ விரும்பும் பெரியவர்களும்தான்.